தண்ணீர் சூழாத தீவு

பெங்களூரு மகாத்மா காந்தி சாலையை மேற்கு முனையிலிருந்து நடக்கத் தொடங்கினால் முதலில் எதிர்ப்படுபவர் காந்தி அல்லர், விக்டோரியா ராணி. 1906இல் வைத்த சிலை. அவருக்குப் பின்னால் கப்பன் பூங்கா. அந்தப் பக்கம் மைசூர் மகாராஜாவின் பேட்டை. இந்தப் பக்கம் வெள்ளையரின் தண்டு, அதாவது கண்டோன்மென்ட். நடுவில் மரங்கள்தான் கடல்.

திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய கம்பெனிப் படையைக் கொசுவும் காய்ச்சலும் விரட்ட, 1809இல் பெங்களூரில் பாளையம் இறங்கியது. 1881இல் மைசூரை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தபோதும் இந்தத் துண்டை மட்டும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். சுற்றிலும் சமஸ்தானம், நடுவில் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் ஆட்சி. பெயர், சிவில் அண்ட் மிலிடரி ஸ்டேஷன். 1947வரை அது தீவுதான்.

இடப்பக்கம் பரேடு மைதானம். அதற்குத் தெற்கே ஓடியதால் சாலைக்கு முன்பு சவுத் பரேடு என்று பெயர். 1948இல்தான் காந்தி வந்தார். 2011இலிருந்து தலைக்குமேல் மெட்ரோ ஓடுகிறது. மரநிழலில் பாதியை அதற்குக் கொடுத்தாயிற்று.

சர்ச்சில் இங்கே கிளப்பில் வைத்துப்போன 13 ரூபாய் பாக்கியைப் பற்றி எழுதாதவர் இல்லை. எனக்கு அந்தக் கிளப்புகளில் சோறு வடித்தவர்கள்மீதுதான் கண். மெட்ராஸ் படையோடு தமிழர்கள் வந்தார்கள்: சிப்பாய், சமையற்காரர், குதிரைக்காரர், கொத்தனார், காண்ட்ராக்டர். 1864இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயில் தண்டுக்கே வந்து நின்றதும் வரத்து இன்னும் கூடியது. ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் பள்ளிக்கூடம் திறந்தார். சிவாஜிநகரில் மாரியம்மனுக்கே தண்டு மாரியம்மன் என்றுதான் பெயர். ஆள வந்தவர்கள் இங்கிலீஷ் பேசினார்கள், தீவு தமிழ் பேசியது, சுற்றியிருந்த நாடு கன்னடம் பேசியது. 1949இல் பேட்டை, தண்டு இரண்டின் நகரசபைகளையும் ஒரே மாநகராட்சியாக்கினார்கள். காகிதத்தில் இணைப்பது எளிது.

மேயோ ஹாலைத் தாண்டினால், 1851இல் கட்டிய டிரினிட்டி தேவாலயத்தோடு சாலை முடிகிறது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான். நான் அங்கே நிற்காமல் இடப்பக்கம் அல்சூர் ஏரிக்குத் திரும்பிவிடுவது வழக்கம். அல்சூர் தண்டுக்கும் மூத்த ஊர். சோமேஸ்வரர் கோயில் அதற்குச் சாட்சி. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991இல் வைத்தும் எதிர்ப்பினால் திறக்க முடியாமல் 18 வருஷம் துணிக்குள்ளேயே இருந்தார். 2009 ஆகஸ்டில் எடியூரப்பா முன்னிலையில் கருணாநிதி திறந்துவைத்தார். அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. பண்டமாற்றுதான், ஆனாலும் நல்ல பண்டமாற்று.

ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் பாளையம். பெயரில் இன்னும் மெட்ராஸ். அதில் எந்த மொழிக்காரர் சேர்ந்தாலும் ராணுவத்தில் அவருக்கு வழங்கும் பெயர் 'தம்பி'.