வெஸ்ட்லியில் திரும்பி வந்த போத்தல்

5ஆம் இலக்க ரி-பானாவின் கடைசித் தரிப்பு வெஸ்ட்லி. சனிக்கிழமை காலை, அங்கத்தைக் கடையில போத்தல் மெசினுக்கு முன்னால மகளோட நிக்கிறன். பாண்ட் காசை 2018இல் சின்னப் போத்தலுக்கு 2 குரோனர், பெரிசுக்கு 3 குரோனர் என்று கூட்டினார்கள். இனாம் இல்லை, வாங்கேக்க நாங்கள் கட்டின காசுதான்.

மாம்பழச் சாறுப் போத்தலை மட்டும் மெசின் திருப்பித் தள்ளிச்சு.

"ஏன் அம்மா, இது கூடாத போத்தலா?"

தமிழ்க் கடையில வாங்கினது. வெளிநாட்டுச் சரக்கு, நோர்வே பாண்ட் குறி இல்லை. வீட்டில பிளாஸ்டிக்குக்கான பைக்குள்ள போட்டால், ஒஸ்லோவில பையின்ர நிறத்தைப் பார்த்து மெசினே பிரிச்செடுக்கும். ஆனால் காசு வராது.

அம்மம்மா யாழ்ப்பாணத்தில போத்தலைக் கழுவி நல்லெண்ணெய் விட்டு வைச்சவா. மகள் இப்ப தமிழ்க் கடையில முதல்ல குறியைத் தேடுறாள். எனக்கோ அந்தச் சாறும் வேணும்.