ராசாவோடு விளையாடிய பெடியன்

அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. விடிய வந்து படுத்தாரென்றால் மத்தியானம் வரை வீட்டில் ஒரு சத்தம் இருக்கக்கூடாது. அதனால் சனிக்கிழமைகளில் அம்மம்மா என்னையும் தம்பியையும் ரூட்டிங் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவா. சேலைக்கு மேல் அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டு, காலில் சொக்ஸோடு செருப்பு. சிறுவர் பகுதியில் சூடு வருகிற இடத்துக்குப் பக்கத்துக் கதிரை அவவுடையது. நான் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு என் தமிழில் அவவுக்குக் கதை சொல்லவேண்டும். வடமராட்சியில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவ அவ. என் தமிழ் பிசகினால் பொறுத்துக்கொள்ளுவா, கதை பிசகினால் விடமாட்டா.

அந்த அலுமாரி முழுக்க நைட் வீரர்கள். ஆர்தரும் வட்டமேசையும், லான்சலட், கவெய்ன், வால்டர் ஸ்கொட்டின் ஐவன்ஹோவைச் சுருக்கி எழுதிய ஒரு படப்புத்தகம். எனக்கு வாளைவிடக் கேடயங்களில் ஆசை. முகத்தைத் தலைக்கவசம் மூடிவிட்டால் எதிரில் நிற்பவன் யாரென்று தெரியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிங்கமும் கழுகும் பட்டையும் கட்டமுமாகக் கேடயங்களில் ஏறின சின்னங்கள் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவும் உதவின. பிறகு அவை குடும்பச் சொத்தாகி, தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயின. என் கணக்குக் கொப்பியின் பின்பக்கம் முழுக்கக் கேடயங்கள்தான். பாதி பச்சையும் பாதி சிவப்புமாக ஒரு கேடயம். அதில் நாக்கை நீட்டிக்கொண்டு பின்னங்காலில் நிற்கும் சிங்கம் தம்பிக்கு நான் வரைந்து கொடுத்தது.

வில்லியம் மார்ஷலை அங்கேதான் கண்டேன். கதைப் புத்தகத்தில் இல்லை, ஒரு சரித்திரப் புத்தகத்தில். 1152ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் முடிக்காக ஸ்டீபன் அரசனும் மட்டில்டாவும் அடிபட்டுக்கொண்டிருந்த காலம். வில்லியத்தின் தகப்பன் ஜோன் மார்ஷல் மட்டில்டாவின் பக்கம். நியூபரியில் அவருடைய கோட்டையை ஸ்டீபன் வளைத்துக்கொண்டான். கொஞ்ச நாள் சண்டையை நிறுத்தக் கேட்ட ஜோன், அதற்குப் பிணையாக ஐந்தாறு வயது மகனை அரசனிடம் ஒப்படைத்தார். கிடைத்த தவணைக்குள் கோட்டைக்குள்ளே ஆளையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டார். வாக்கை மீறினால் பிள்ளையைத் தூக்கில் போடுவோம் என்று அரசன் ஆளனுப்பினான். ஜோன் கலங்கவில்லை. இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்தெடுக்கத் தன்னிடம் சுத்தியலும் பட்டடையும் இருக்கிறது என்று பதில் சொல்லிவிட்டார்.

நான் இதைச் சொன்னபோது அம்மம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டா.

"பெத்த தகப்பனோ அப்பிடிச் சொன்னவன்?"

சிறுவனைத் தூக்குமரத்துக்குக் கொண்டுபோனார்கள். தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியாது. வழியில் ஒரு பிரபுவின் கையில் நல்ல ஈட்டியொன்றைக் கண்டு, அதைத் தரும்படி கேட்டான். ஸ்டீபனுக்கு மனம் வரவில்லை, பிள்ளையைத் தூக்கித் தோளோடு அணைத்துக்கொண்டு திரும்பிவிட்டான். இன்னொரு தடவை, கல்லெறி யந்திரத்தில் வைத்துக் கோட்டைக்குள் வீசப்போவதாக வெருட்டினார்கள். பெடியன் அதை ஊஞ்சல் என்று நினைத்தான். கடைசியில் அரசனின் கூடாரத்திலேயே அவனை வைத்துக்கொண்டார்கள். கூடாரத் தரையில் பரப்பியிருந்த செடிகளிலிருந்து தண்டுகளைப் பொறுக்கி, அவற்றை நைட் வீரர்களாகப் பாவித்து, அரசனும் சிறுவனும் ஆளுக்கொன்றாகப் பிடித்து அடித்து விளையாடினார்கள். அரசனின் தண்டுதான் தலையிழந்தது.

அம்மம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு கேட்டா: "தாய் எங்கை? தாயைப் பற்றி ஒண்டும் போடேல்லையோ?"

புத்தகத்தில் தாயின் பேர் மட்டும் இருந்தது. சிபில். வேறொன்றும் இல்லை.

அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸின் மேல்தட்டில் வைத்து அவ கோவூர்கிழாரைச் சொன்னா. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளைப் பிடித்து யானைக் காலில் இடப்போனான். கோவூர்கிழார் இடையில் வந்து நின்றார். புறாவுக்காகத் தன்னைக் கொடுத்தவன் வழியில் வந்தவன் நீ என்று அரசனுக்கு ஞாபகமூட்டினார். அந்தப் பிள்ளைகளோ யானையைக் கண்ட புதினத்தில் அழுகையை மறந்து, கூடியிருந்த சனத்தை மருண்டு பார்த்துக்கொண்டு நின்றார்கள். புறநானூற்றில் இருக்கிற பாட்டு. நான் அப்போதுதான் ஈட்டி கேட்ட வில்லியத்தையும் ஊஞ்சலையும் சொல்லி முடித்திருந்தேன். அவவின் குரல் நடுங்கியது. ஒன்றையொன்று அறியாத இரண்டு நாடுகளில், சாவுக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் ஒரேமாதிரி வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். சரித்திரம் படிக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு அந்த பஸ்ஸில்தான் பிடித்தது.

எனக்குப் பயம் விடவில்லை. இரவு சாப்பாட்டு மேசையில், நீங்களென்றால் என்னைப் பிணையாகக் குடுப்பீங்களோ என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா கதை முழுவதையும் கேட்டுவிட்டு யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"ஜோனுக்கு ஸ்டீபனைத் தெரியும். கொல்லமாட்டான் எண்டு தெரிஞ்சுதான் சொல்லியிருப்பான்."

"தெரிஞ்சாலும் சொல்லப்படாது," என்றா அம்மம்மா.

சரித்திர ஆசிரியர்கள் சிலரும் அப்பா சொன்னதைத்தான் சொல்லுகிறார்கள். நான் இன்றைக்கும் அம்மம்மாவின் பக்கம்.

வில்லியம் வளர்ந்த கதையைத் தம்பிதான் திரும்பத் திரும்பக் கேட்பான். நோர்மண்டியில் உறவுக்காரப் பிரபு ஒருவரின் வீட்டில் தொழில் பழகியபோது, சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் தவிர எதற்கும் உதவாதவன் என்று அவனைக் கேலி செய்தார்கள். 1166இல் நைட் ஆனான். பிறகு பிரான்ஸ் முழுக்கப் போட்டிச் சண்டைகள். படத்தில் வருவதுபோல வேலிக்கு இருபக்கமும் இருவர் ஓடிவந்து மோதுவது பிற்காலத்து வழக்கம். வில்லியத்தின் நாளில் அது வயலும் ஊரும் பரந்த வெளியில் நூற்றுக்கணக்கானோர் மோதும் கலவரம். பிடிபட்டவன் குதிரையையும் மீட்புப் பணத்தையும் கொடுக்கவேண்டும், நிலமில்லாத இளைய மகன்களுக்கு அதுவே பிழைப்பு. ஒருமுறை வெற்றிப் பரிசாகப் பெரிய மீனொன்றைக் கொடுக்க வில்லியத்தைத் தேடினார்கள். ஆள் கொல்லன் பட்டடையில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தான். அடிபட்டு நெளிந்த தலைக்கவசத்தைக் கொல்லன் தட்டித் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான். தம்பி இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பான்.

பதின்பருவத்தில் அந்தக் கேடயங்கள் எனக்குக் கசந்தன. ஐவன்ஹோவில் மாறுவேடத்தில் வந்து நீதி வழங்கும் ரிச்சர்ட் அரசன், 1191இல் ஏக்கர் நகரத்துக்கு வெளியே ஏறக்குறைய 2,700 கைதிகளைக் கொல்லச் சொன்னவன். அவன் தம்பி ஜோன் 1212இல் நொட்டிங்ஹாமில் பிணையாக இருந்த வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகள் 28 பேரைத் தூக்கிலிட்டதாகக் குறிப்பு இருக்கிறது. அவர்களுக்கு ஒரு ஸ்டீபன் கிடைக்கவில்லை. நைட் கதைகளெல்லாம் கொலைகாரருக்குப் பூசின தங்கமுலாம் என்று அப்போது எழுதி வைத்தேன்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. வில்லியம் போட்டிகளில் சுற்றிய அதே வருடங்களில்தான், ஷாம்பெய்ன் நாட்டுச் சீமாட்டி மரிக்காக கிரெத்தியன் லான்சலட் கதையை எழுதினார். அதை உட்கார்ந்து கேட்டவர்கள், ஊரைக் கொளுத்திவிட்டு வந்த அதே பிரபுக்கள். எளியவனைக் காப்பது, பணிந்தவனைக் கொல்லாமல் விடுவது, கொடுத்த வாக்கில் நிற்பது என்று அந்தக் கதைகள் அவர்களின் முகத்துக்கு நேரே கேட்டுக்கொண்டிருந்தன. கோவூர்கிழார் செய்ததும் அதுதான். சிறையில் இருந்து மாலரி எழுதி, 1485இல் அச்சான ஆர்தர் கதையிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. ஜோர்ஜ் மார்ட்டினின் நாடோடி நைட் டங்க், பொம்மலாட்டக்காரி ஒருத்தியின் விரலை முறித்த இளவரசனை அடிக்கிறான் அல்லவா, அங்கேயும் அதே கேள்விதான். முலாமென்றால் இத்தனை நூற்றாண்டுக்குத் தாங்காது.

வில்லியத்தின் வாழ்க்கையைச் சொல்வது பழைய பிரெஞ்சில் பத்தொன்பதாயிரம் அடிகளைத் தாண்டும் ஒரு பாட்டு. அவர் இறந்தபின் மூத்த மகன் எழுதுவித்தது. நூற்றாண்டுகளாக மறைந்து கிடந்த ஏட்டை 1861இல் லண்டனில் ஓர் ஏலத்தில் பால் மெயர் என்ற அறிஞர் கண்டார், அது கைமாறிப்போக, இருபது வருடம் தேடிப் பிடித்தார். பல்கலைக்கழகத்தில் அதன் மொழிபெயர்ப்பு என் கைக்கு வந்தது. 1216இல் ஜோன் அரசன் சாகிறான். அவன் வில்லியத்தின் மகன்களையே பிணையாகப் பிடித்து வைத்திருந்தவன். முடி அவனுடைய ஒன்பது வயது மகன் ஹென்றிக்கு. பாதி நாடு எதிரி கையில். எழுபதை எட்டிய வில்லியம் அந்தப் பிள்ளையின் பொறுப்பை ஏற்கிறார். எல்லாரும் கைவிட்டாலும் பிள்ளையைத் தோளில் சுமந்து தீவு தீவாகப் போவேன் என்று சொன்னாராம். தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளாலியில் வள்ளம் ஏறிய அப்பாவுக்கு அந்த இடத்தைத் தமிழில் சொன்னேன். "சொல்லுவான்தானே," என்றார்.

அதே பாட்டில், நியூபரிக் கூடாரத்தில் தண்டு விளையாட்டு நடக்கும்போது, வெளியே ஓர் ஆள் ஒளிந்து எட்டிப் பார்க்கிறான். வீட்டு வேலைக்காரன், பிள்ளையின் நிலையை அறிய வந்தவன். வில்லியம் அவனைக் கண்டு சந்தோஷத்தில் பேர்சொல்லிக் கூப்பிட்டு, அம்மா எப்படி இருக்கிறா என்று கேட்க, அவன் உயிர்தப்ப ஓடிவிடுகிறான்.

நூலக வாசலில் நின்றே அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் அண்டைக்கே கேட்டனான், தாய் ஒருத்தி சும்மா இருந்திருப்பாளோ எண்டு," என்றா. பிறகு, ஓடினவன் அகப்படாமல் வீடு போய்ச் சேர்ந்தானோ, பிள்ளை சுகமாக இருக்கிறான் என்று அவளிடம் சொன்னானோ என்று கேட்டா.