தேர் தரை தொட்ட இடம்

மே 4, ஞாயிறு

அக்னி வசந்த விழா பாதிக்கு மேல் வந்துவிட்டது. பிற்பகலில் திரௌபதி அம்மன் கோயில் பந்தலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. ஆரணியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் இந்த மாதங்களில் பேச்செல்லாம் பாரதம்தான்.

காலையில் தம்பி தறிக்குப் பக்கத்தில் நின்று, ஓடிக்கொண்டிருந்த சேலையை போனில் ஒரு அம்மாவுக்குக் காட்டினான். மெரூன் உடல், பச்சை பார்டர். "சரிகை அசலா தம்பி?" என்று அவர் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. "சுத்தப் பட்டுங்கம்மா, சில்க் மார்க்கோட வரும்" என்றான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் 2004-ல் வந்த அந்த முத்திரை, நூல் பட்டுதான் என்று மட்டுமே சொல்லும். சரிகையைப் பற்றி எதுவும் சொல்லாது. கைத்தறியா விசைத்தறியா என்பதற்கும் 2006-ல் வந்த முத்திரை வேறு. அசல் சரிகை என்றால் பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியிருக்கும். சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். என் தறியில் ஓடுவது செம்புச் சரிகை. போனில் பார்க்கிறவர் எதைச் சுரண்டுவார்? சாயங்காலத்துக்குள் பணம் போட்டுவிட்டார்.

மே 6, செவ்வாய்

இன்று துரோணர் வதை. விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பீமன், துரோணர் மகனின் பேரையே கொண்ட அசுவத்தாமன் என்ற யானையைக் கொன்றுவிட்டு வந்து, அசுவத்தாமன் செத்தான் என்று கூவுகிறான். துரோணர் நம்பவில்லை. தருமன் வாயால் வரட்டும் என்கிறார். தருமர் வேஷக்காரர் புஜக்கட்டை குலுங்க முன்னால் வந்து, அசுவத்தாமன் இறந்தான் என்று கணீரென்று பாடினார். அடுத்தாற்போல் யானை என்று சொல்ல வேண்டும். அந்த நொடியில் முகவீணையும் மிருதங்கமும் எழும்பின. அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன், ஒலி வரவில்லை. மெய் தவறாததால் அதுவரை தரைக்கு நாலு விரற்கடை மேலே ஓடிய தருமரின் தேர் அத்தோடு கீழே இறங்கியது.

தம்பி குனிந்து என் காதில், "பாத்தியாண்ணா? சொல்றவர் தருமர், சொல்லச் சொல்றவர் கண்ணன். நம்மள மட்டும் ஏன் குத்தம் சொல்ற?" என்றான். நான் அவனை ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

மே 7, புதன்

பந்தல் கலைந்தபின் பிரசங்கியாரைப் பிடித்தேன். தம்பி கேட்டதை அப்படியே கேட்டேன். அவர் கர்ண பருவத்துக்குப் போனார். கௌசிகர் என்றொருவர், எப்போதும் மெய்தான் பேசுவேன் என்று விரதம். கொள்ளையருக்குப் பயந்து ஜனங்கள் காட்டுக்குள் ஒளிகிறார்கள். துரத்தி வந்தவர்கள் கேட்க, இந்தப் பக்கம்தான் போனார்கள் என்று சொல்லிவிடுகிறார். அத்தனை பேரும் செத்தார்கள். கௌசிகருக்கு நரகம். இதை அர்ச்சுனனுக்குச் சொல்கிறவன் கண்ணன்தான்.

"தருமரை மட்டும் விட்டாங்களா?" என்று அவரே தொடர்ந்தார். கடைசியில் சொர்க்காரோகண பருவத்தில் தருமரும் நரகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. துரோணரை மகன் விஷயத்தில் ஏமாற்றியதற்குத்தான் என்று இந்திரனே சொல்கிறான்.

ஒரே நூலில் மெய் சொன்னவருக்கும் நரகம், மெய்யை மறைத்தவருக்கும் நரகம். ராத்திரி தூக்கமே வரவில்லை. கௌசிகரின் மெய் அடைக்கலம் தேடியவர்களைக் கொன்றது. தருமரின் வாக்கியத்தில் பொய் இல்லை, ஆனால் கேட்டவர் தப்பாகப் புரிந்துகொள்வதற்காகவே அது சொல்லப்பட்டது; லாபமும் சொன்னவருக்கே. நேற்று உதடு அசைந்ததும், ஞாயிற்றுக்கிழமை "சுத்தப் பட்டுங்கம்மா" என்றதும் ஒன்றேதான் என்று எனக்குப் படுகிறது.

மே 9, வெள்ளி

பூண்டி ஜினாலயத்துக்குப் போகிற நயினார் ஒருவர் நூல் வாங்க வந்தார். அவரிடமும் கேட்டேன். பிறருக்குக் கேடு வரும் மெய்யையும் இல்லறத்தார் சொல்லக் கூடாது என்பது தங்கள் சிராவக நூல்களில் உண்டு என்றார். வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தை அங்கேதான் தொடங்குகிறார்.

எதிர்த் தறிக்காரர் கிறிஸ்தவர். அவர் யாத்திராகமத்து மருத்துவச்சிகளைச் சொன்னார். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், நாங்கள் போவதற்குள் பிரசவம் ஆகிவிடுகிறது என்று பொய் சொல்லிப் பிள்ளைகளைக் காத்தார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார். பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளையும் அதே ஆகமத்தில்தான் வருகிறது. யாக்கோபு கதை வேறு மாதிரி. கையில் ஆட்டுத் தோலைக் கட்டிக்கொண்டு, கண் தெரியாத தகப்பனை ஏமாற்றி அண்ணனின் ஆசீர்வாதத்தை வாங்கினான். பின்னாளில் அவன் பிள்ளைகள் யோசேப்பின் அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்து அவனையே ஏமாற்றினார்கள். ஆட்டை வைத்துச் செய்தது ஆட்டை வைத்தே திரும்பி வந்ததைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

மருத்துவச்சிகள் தங்கள் உயிரைப் பணயம் வைத்துப் பொய் சொன்னார்கள். நாம் விலையை ஏற்றிக்கொள்ள மெய்யை விழுங்குகிறோம். இதற்குப் பாரதத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவது அதற்கே செய்கிற அநியாயம்.

மே 11, ஞாயிறு

காலையில் படுகளம் முடிந்து, மாலை தீமிதி. நடுவில் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணா, தருமருக்கு நரகம். சொல்லவெச்ச கண்ணனுக்கு?" என்றான்.

காந்தாரி சாபத்தைச் சொன்னேன். 36 வருஷத்தில் யாதவ குலமே அடித்துக்கொண்டு அழிந்தது, கண்ணன் அந்தச் சாபத்தை ஏற்றுக்கொண்டான். ஆனால் அவள் சபித்தது போரைத் தடுக்காமல் விட்டதற்கு. இந்தப் பொய்க்கு அல்ல. அதை இதற்குப் பொருத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணன் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"பதில் இல்லாதப்ப நான் ஏன்ணா விலையைக் குறைக்கணும்?"

"அந்த அம்மா உன்கிட்ட கண்ணனைப் பத்திக் கேக்கல. சரிகையைக் கேட்டாங்க."

சேலை நேற்றே அறுத்தாயிற்று. நாளை கூரியரில் போக வேண்டும். செம்புச் சரிகை, கைத்தறி என்று சீட்டு எழுதி மடிப்புக்குள் வைத்துவிட்டேன். போகும்முன் நீ கூப்பிட்டுச் சொல்லு, வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பிவிடலாம், இல்லாவிட்டால் நான் பேசுகிறேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நம்பரைக் கொடுத்தான்.