அத்தாவின் குரலும் ஒலிபெருக்கியின் இரைச்சலும்



என் தந்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் தெருவின் மக்தபில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர். இன்று அவருக்கு 74 வயது. முழங்கால் வலியால் மதரஸாவின் படிகளை ஏற முடியவில்லை. வளைகுடாவில் வசிக்கும் என் தங்கையின் பிள்ளைகள் இருவரும் பாட்டனாரிடம் ஓதிப் பழகும் வாய்ப்பைப் பெறாதவர்கள். எனவே ஜுஸ்உ அம்மாவின் 37 சூராக்களையும் அத்தாவின் குரலில், எழுத்தெழுத்தாக நிறுத்தி ஓதச் செய்து பதிவு செய்து வைக்க வேண்டும் என்று நிய்யத் வைத்தேன்.

வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, மடிக்கணினி, மைக், அதனைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இண்டர்ஃபேஸ், பதிந்ததைக் கேட்டுத் திருத்துவதற்கு இரண்டு ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர்கள் ஆகியவற்றை அமைத்தேன். சாதாரண ஸ்பீக்கர்கள் ஒலியை இனிமையாக்கிக் காட்டுபவை. மானிட்டர்களோ பதிவில் இருப்பதை உள்ளபடியே காட்ட வேண்டியவை. தஜ்வீத் பயில்வோருக்கு இது முக்கியம். ஸீன், ஸாத், ஸே ஆகிய மூன்று எழுத்துகளையும் பிள்ளைகள் பிரித்தறிய வேண்டுமானால் ஒலி தெளிவாக இருக்க வேண்டுமல்லவா?

இஷாவுக்குப் பிறகு தெரு அடங்கியதும் பதிவைத் தொடங்கினோம். முதலில் சூரத்துந் நாஸ். அதன் ஆறு வசனங்களின் முடிவிலும் நூன் எழுத்து ஷத்துடன் வருகிறது. இரண்டு ஹரகத் அளவு குன்னா செய்து, பின்பு ஸீனில் நிறுத்த வேண்டும். அத்தா நிதானமாக ஓதி முடித்தார். ஓதும்போது மைக்கில் எதிரொலி புகாதிருக்க ஸ்பீக்கர்களை அணைத்து வைத்திருந்தேன். பிறகு அவற்றை இயக்கிப் பதிவை ஓடவிட்டேன். 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தாவின் குன்னா எங்கே முடிகிறது, இரைச்சல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியவில்லை.

மின்விசிறியை நிறுத்தினேன். குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டு வந்தேன். சன்னல்களை மூடினேன். இரைச்சல் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அத்தாவை மறுபடி ஓதச் சொன்னேன். முந்தைய பதிவை அழித்தேன். காற்றில்லாத அந்த அறையில் வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவரும் ஓதினார். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ, பொறுமையிழந்து நான் சொன்னேன்: "அத்தா, கொஞ்சம் தொண்டையச் சரி பண்ணிக்கிட்டு ஓதுங்களேன்."

பெற்றோரிடம் சலிப்பின் மிகச் சிறிய சொல்லையும் விலக்கும் அல்-இஸ்ரா அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தைப் பலருக்கும் எடுத்துச் சொல்லியிருப்பவன் நான். அந்த இரவில் அது என் நினைவுக்கு வரவில்லை.

பதினோராவது முறை ஓதி முடித்ததும் அத்தா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். "விடுப்பா. அத்தாவுக்கு வயசாயிருச்சு, கொரலு கரகரங்குது. நல்ல காரீ ஓதுனது எத்தனையோ இருக்கும். பிள்ளைங்களுக்கு அதைப் போட்டுக் கொடு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி எழுந்து சென்றார்.

மறுநாள் சுபுஹுக்குப் பின் மனம் பொறாமல், மிஞ்சியிருந்த அந்த ஒரே பதிவைத் தங்கைக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது: "அத்தா பக்கத்துல உக்காந்து ஓதுற மாதிரியே இருக்கு காக்கா. சின்னவன் மூணு தடவை கேட்டுட்டான்." இரைச்சல் இல்லையா என்று கேட்டேன். என்ன இரைச்சல் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் அத்தகைய தாழ்ந்த ஒலி கேட்காது என்பதால் அதை நான் உடனே நம்பவில்லை. ஹெட்ஃபோனை இண்டர்ஃபேஸில் செருகிக் கேட்டேன். அத்தாவின் குரல் மட்டுமே ஒலித்தது. அவர் ஓதத் தொடங்குமுன் உள்ள மௌனத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு ஏறக்குறைய நேராக இருந்தது. பதிவில் குறை ஏதுமில்லை. இரைச்சலை எழுப்பியவை என் ஸ்பீக்கர்கள்தாம். குற்றமற்ற பத்துப் பதிவுகளை நான் என் கையாலேயே அழித்திருந்தேன்.

அதன்பின் செய்த சோதனைகளை, இதே நிலையில் இருக்கும் சகோதரர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எதையும் ஓடவிடாமல் ஸ்பீக்கர்களை மட்டும் இயக்கினேன். இரைச்சல் அப்போதும் இருந்தது. அடுத்து, ஒலியளவைக் குறைத்துவிட்டு ஸ்பீக்கர்களின் பின்புறமிருந்த ஒலிக் கேபிள்களைக் கழற்றினேன். 'ம்ம்ம்' என்ற ஓசை நின்றது. காதை மிக அருகில் வைத்தால் மட்டும் 'ஸ்ஸ்' என்ற மெல்லிய சீறல் கேட்டது. அது ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் இயல்பு. ஆக, ஸ்பீக்கர் பழுதில்லை. இரைச்சல் கேபிள் வழியாக வருகிறது. கேபிளை மீண்டும் செருகி, மடிக்கணினியின் சார்ஜரை உருவி, பேட்டரியில் ஓடவிட்டேன். அறை அமைதியானது. சார்ஜரைச் செருகியதும் இரைச்சல் திரும்பியது.

காரணம் விளங்கியது. ஸ்பீக்கர்களை ஒரு சுவரின் பிளக்கிலும், சார்ஜரை எதிர்ச்சுவரின் பிளக்கிலும் செருகியிருந்தேன். இரண்டுமே மூன்று முனை பிளக்குகள். இரண்டுக்கும் எர்த் உண்டு. கணினி, இண்டர்ஃபேஸ், கேபிள், ஸ்பீக்கர் என்று ஒலியின் பாதையிலும் அந்த எர்த் இணைந்துவிடுகிறது. எர்த்துக்கு இரண்டு வழிகள் உண்டாகி அவை ஒரு வளையமாகும்போது, அதில் சிறு மின்னோட்டம் சுற்றுகிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறுவதால் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸிலும் அது ஸ்பீக்கரில் கேட்கிறது. ஹெட்ஃபோனுக்கு மின்சார பிளக் இல்லை, வளையமும் இல்லை. அதனால்தான் அதில் கேட்கவில்லை.

ஸ்பீக்கரின் எர்த் முனையைத் துண்டித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். இரைச்சல் நிற்கக்கூடும்தான். ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்படும் நாளில் உயிரைக் காப்பது அந்த முனைதான். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதைச் செய்ய நமக்கு அனுமதியில்லை. உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். தயவுசெய்து எவரும் அதைச் செய்ய வேண்டாம்.

மாறாக, சார்ஜரையும் ஸ்பீக்கர்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினேன். இரைச்சல் பெருமளவு குறைந்தது. பின் கேபிள்களை மாற்றினேன். பழையவை ஒலிக்கு ஒரே கம்பியும் அதைச் சுற்றிய உறையும் கொண்டவை. புதியவை டி.ஆர்.எஸ் வகை, பேலன்ஸ்டு கேபிள்கள். அவற்றில் இரண்டு கம்பிகள் உள்ளன. வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் சேர்கிறது. ஸ்பீக்கர் அவ்விரண்டின் வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடுகிறது. இண்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் இரண்டுமே இவ்வகையை ஏற்பவையாக இருக்க வேண்டும். என்னுடையவை அவ்வாறே இருந்தன. இறுதியாக, ஸ்பீக்கரின் பின்புறம் முழுமையாகத் திருப்பி வைத்திருந்த ஒலியளவை நடுவுக்குக் கொண்டுவந்தேன். சீறலும் அடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

அன்று அஸருக்குப் பின் அத்தாவை அழைத்து வந்து உட்கார வைத்து, அந்தப் பதினோராவது பதிவை ஒலிக்கச் செய்தேன். கண்களை மூடிக் கேட்டார். முடிந்ததும், "உங்க கொரல்ல ஒண்ணுமில்ல அத்தா. நான் வயரை மாட்டுனதுலதான் தப்பு. ராத்திரி அப்படிச் சொன்னதுக்கு என்னைய மன்னிச்சிருங்க" என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார். "நாலாவது வசனத்துல குன்னா கொஞ்சம் கொறையுதுப்பா. அதை மட்டும் இன்னொரு தடவ ஓதிருவோமா?" என்றார். பிழையிருந்தால் அவரே கண்டுகொள்வார். அதற்கு என் பொறுமையின்மை தேவைப்படவில்லை.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்காமல் முடிவெடுத்து, பின்பு வருந்தும் நிலைக்கு ஆளாக வேண்டாம் என்று அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. மனிதர்கள் கொண்டுவரும் செய்திக்கு மட்டும் உரியதாக அதனை எண்ணியிருந்தேன். என் காதுகள் கொண்டுவந்த செய்தியையும் நான் விசாரித்திருக்க வேண்டும். ஒரு ஹெட்ஃபோனைச் செருகிப் பார்க்க அரை நிமிடம் போதும். அதைச் செய்யாமல், அந்த அறையில் எனக்கு மறுத்துப் பேசாத ஒருவரின் மீது குறையைச் சுமத்தினேன்.

இப்போது வாரத்தில் இரண்டு இரவுகள் ஓதிப் பதிகிறோம். சூரத்துள் ளுஹா வரை வந்திருக்கிறோம். எந்தப் பதிவையும் நான் உடனே அழிப்பதில்லை.

அத்தாவுக்கு ஆஃபியத்தான நீண்ட ஆயுளை அல்லாஹ் அருளவும், இப்பதிவுகள் அவருக்கு ஸதகத்துல் ஜாரியாவாக அமையவும் துஆச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் ஓதிக் கொடுத்த ஒரு குரல் இருக்குமானால், அதனை இன்றே பதிந்து வையுங்கள். நம் பெற்றோரின் உள்ளங்களை நோகடிப்பதிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.