கூரை இல்லாத காரும் கொட்டும் பனியும்

நம்ம ஊர்ல பனின்னா ராத்திரி இறங்கற ஈரம்தான். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்"னு கம்மாபுரத்துல பெருசுங்க சொல்லும், காதைச் சுத்தி மப்ளர் கட்டிக்கும். அதே மாசி மாசத்துல இங்க நியூ ஜெர்சியில கொட்டற பனி மச்சைத் துளைக்காது. ஆனா காரை வெளியில நிறுத்தறவனோட பொறுமையைத் துளைச்சிடும் :-)

எடிசன் பக்கம் நம்மாளுங்க குடியிருக்கற பல அபார்ட்மெண்ட்டுகள்ல கராஜ் கிடையாது. திறந்தவெளிதான். புதுசா வந்த ஊர்க்காரத் தம்பி ஒருத்தன், "அண்ணே, பனி பெய்ஞ்சா காரை என்னண்ணே பண்றது?"ன்னு கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கயும் எழுதி வைக்கிறேன்.

வேலை முதல் நாள் ராத்திரியே ஆரம்பிச்சுடும். வைப்பரைத் தூக்கி நிறுத்திடணும், இல்லைன்னா கண்ணாடியோட ஒட்டி உறைஞ்சு போகும். டாங்க்கில பாதிக்குக் குறையாம பெட்ரோல் இருக்கணும். கண்ணாடி கழுவற தண்ணி உறையாத வகையா இருக்கணும். முடிஞ்சா முன்கண்ணாடி கிழக்கு பாக்கற மாதிரி நிறுத்தணும், காலை வெயில் பாதி வேலையை இனாமா முடிச்சுக் கொடுக்கும். காலையில அவசரத்துல வெந்நீரை மட்டும் ஊத்தவே கூடாது. ஜில்லுனு இருக்கற கண்ணாடி விரிசல் விட்டுடும்.

காலையில மண்வெட்டியோட இறங்கினா எல்லாரும் முதல்ல முன்கண்ணாடியைத்தான் சுரண்டுவாங்க. தம்பிகிட்ட நான் அழுத்திச் சொன்னது ஒண்ணே ஒண்ணு: முதல்ல பின்னாடி போ, சைலன்ஸர் குழாயைத் தோண்டு. அதுக்கு அப்புறம்தான் சாவியைத் தொடணும்.

காரணம் இருக்கு. 2016 ஜனவரி 23, பெரும் பனிப்புயல். நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல மட்டும் 27.5 அங்குலம். இங்க பசைக் நகரத்துல ஒருத்தர் காரைச் சுத்தி இருந்த பனியை அள்ளிக்கிட்டிருந்தார். குளிருக்கு இதமா இருக்கட்டும்னு மனைவியும் ரெண்டு பிள்ளைகளும் எஞ்சின் ஓடற காருக்குள்ள உக்காந்திருந்தாங்க. புகைக்குழாயைப் பனி மூடியிருந்தது. வெளிய போக வழியில்லாத கார்பன் மோனாக்சைடு உள்ள வந்துடுச்சு. அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தாயும் ஒரு வயசுப் பையனும் இறந்துட்டாங்க. மூணு வயசுப் பொண்ணு சில நாள் கழிச்சு ஆஸ்பத்திரியில போயிடுச்சு. சில அடி தூரத்துல நின்னு மண்வெட்டி பிடிச்சிருந்த அந்த மனுஷனை நினைச்சா இப்பவும் எனக்கு என்னவோ பண்ணுது. அவர் செஞ்சது குடும்பத்து மேல அக்கறை இருக்கற எவனும் செய்யறதுதான். யாரும் முன்கூட்டி சொல்லலைன்னா நமக்கு மட்டும் எப்படித் தெரியும்? சைலன்ஸரைப் பனி அடைக்கும்னு கம்மாபுரத்துல யாரு யோசிப்பா?

அடுத்தது கூரை. முன்னாடி ஜன்னல் அளவுக்கு ஓட்டை போட்டுக்கிட்டு தலையில பனி மூட்டையோட ஓட்டறவங்க உண்டு. ஹைவேல அது பலகை மாதிரி பேந்து பின்னாடி வர்றவன் கண்ணாடியில அடிக்கும். நியூ ஜெர்சியில 2010-ல இருந்து இதுக்குச் சட்டமே இருக்கு. பனி யார் மேலயும் விழலைன்னாலும் 25 முதல் 75 டாலர் வரை அபராதம்.

சரி, அள்ளியாச்சு. ரெண்டு மணி நேரம் இடுப்பொடிய அள்ளின இடத்துல, ஆபீஸ் போய்ட்டு வர்றதுக்குள்ள வேற ஒருத்தன் நிறுத்தினா? சிகாகோக்காரங்க இதுக்கு உடைஞ்ச நாற்காலி, இஸ்திரி பலகைன்னு எதையாவது எடுத்து வந்து வச்சு இடம் பிடிப்பாங்க. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டு போடறோமே, அதேதான்! பாஸ்டன்ல அவசரநிலை முடிஞ்சு 48 மணி நேரம் வரைக்கும் இதை அனுமதிக்கவே செய்யறாங்க. அமெரிக்கான்னா எல்லாம் ஒழுங்கா இருக்கும்னு நினைக்கற எங்கப்பாகிட்ட போன்ல இதைச் சொன்னேன். "அப்போ துண்டு ஒண்ணு அனுப்பட்டுமாடா?"ங்கறார் :-)

பேட்டரி விஷயம் இன்னும் சுவாரசியம். 0 டிகிரி ஃபாரன்ஹீட்ல, அதாவது மைனஸ் 18 செல்சியஸ்ல, பேட்டரியோட பலம் பாதிக்கும் கீழ இறங்கிடும். எஞ்சின் ஆயில் கெட்டியாகிறதால ஸ்டார்ட் பண்ண வழக்கத்தை விட அதிக பலம் வேற தேவை. ஆனா பேட்டரியோட ஆயுசைக் குறைக்கறது பெரும்பாலும் கோடை வெயில்தான். குளிர் வந்து கணக்கு மட்டும் கேக்கும். நெய்வேலி வெயில்ல வேப்பமரத்தடி தேடி வண்டி நிறுத்தற நம்மாளுங்க புத்தியை இங்க ஜூலையிலயும் மறக்காம இருந்தா, ஜனவரியில ஜம்பர் கேபிளைத் தூக்கிக்கிட்டு அக்கம்பக்கத்துக் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

கடைசியா உப்பு. ரோட்டுல கொட்டற உப்பு பனியை உருக்கும், கூடவே காரோட அடிப்பக்கத்தையும் அரிக்கும். கடலூர் கடலோரத்துல இரும்பு கேட் என்ன ஆகுதுன்னு பாத்திருப்பீங்களே, அதே கதைதான். கொஞ்சம் வெயில் வந்த நாள்ல அடிப்பக்கம் சேர்த்து வாட்டர் வாஷ் பண்ணிடுங்க.

இதெல்லாம் மறந்து போனாலும் பரவாயில்ல மக்களே. சைலன்ஸர் குழாயை மட்டும் மறக்காதீங்க. புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஹீட்டரை எப்படிப் போடறதுன்னு சொல்லிக் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடுங்க.