நான்கு உள்ளங்கை அகலம்

மலைநாட்டில் ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் மோட்டார் பந்தயக் காய்ச்சலும் கூடவே பிறந்துவிடும். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டு தொடங்கியது. எமது ஊவாவுக்கு வாய்த்தது தியத்தலாவையின் ‘பொக்ஸ் ஹில்’. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளைப் பக்கத்து இளைஞர்களில் அந்த மேட்டின் புழுதியைச் சுவாசிக்காதவர் குறைவு. பந்தயம் முடிந்த மறுநாளே ஊர்க் கராஜ்களில் ஏதாவதொரு பழைய கார் திறந்து போடப்பட்டிருக்கும்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி அந்த மேட்டில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் புகுந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அன்று போனவர்களில் எவரும் கார் ஓட்டியவரில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டே மேற்கொண்டு எழுதுகிறேன்.

என் தங்கையின் மகன் ஒரு கார் வாங்கினான். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்யப்பட்ட மஸ்டா எம்.எக்ஸ்-5. இரண்டே ஆசனங்கள், துணிக் கூரை, பின்சில்லு இழுவை, எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களுக்குப் பிறந்த மவுசில் இதுவும் ஒன்று. எஞ்சினைப் பழுது பார்த்து, நிறம் பூசி முடித்த பிறகு டயருக்கு வந்தான். ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன டயர் என்பதில் அவனுக்கு ஐயமே இருக்கவில்லை. பதினேழு அங்குல சில்லு, 205/45 டயர்.

பதுளை நகரில் டயர் கடை வைத்திருக்கும் நண்பரிடம் அழைத்துப் போனேன். முப்பது வருடங்களுக்கு மேலாக ரப்பரோடு சீவிப்பவர். எல்லோருக்கும் அவர் நானாதான்.

“பதினேழு போட்டாத்தான் நானா காருக்கு ஒரு கம்பீரம் வரும்” என்றான் மருமகன்.

“கம்பீரம் நிக்கிற காருக்கு மகன். ஓடுற காருக்கு வேணும் பிடி” என்றார் நானா. பிறகு குந்தியமர்ந்து, காரில் இருந்த பழைய டயரின் பக்கச்சுவரை ஈரத் துணியால் துடைத்து வாசிக்கச் சொன்னார். 185/60 ஆர் 14 82 எச்.

ஒவ்வொன்றாக விளக்கினார். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது; இங்கே 111 மில்லிமீற்றர். ஆர் என்றால் உள்ளே இழைகள் ஆரைப்போக்கில் ஓடுகின்றன. 14 சில்லின் விட்டம், அங்குலத்தில். 82 என்ற சுமைச் சுட்டெண்ணுக்கு ஒரு டயர் தாங்கும் பாரம் 475 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர் வரை தாங்கும்.

கல்குலேட்டர் வந்தது. மேலும் கீழும் பக்கச்சுவர், நடுவில் சில்லு. கூட்டினால் பழைய டயரின் முழு விட்டம் 578 மில்லிமீற்றர். மருமகன் கேட்ட 205/45 ஆர் 17க்கு 616. கிட்டத்தட்ட ஏழு வீதம் பெரிது. வேகமானி அறுபது காட்டும்போது கார் அறுபத்து நான்கில் போகும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்காட்டில் உரசும். சிறிய எஞ்சின் ஏற்றத்தில் இளைக்கும். இதைவிட மோசமானது பக்கச்சுவர். 111 இருந்த இடத்தில் 92தான் மிஞ்சும். ஹாலி எல, தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்குப் போகும் பெருந்தெருவில் அதைச் சமாளிக்கலாம். ஸ்பிரிங்வெலி தோட்டப் பக்கம் திரும்பினால் முடியாது. அங்கே குழியின் விளிம்பில் மோதும் மெல்லிய டயர் சில்லுக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கும். உள்ளே நூல் அறும், வெளியே ஒரு கொப்புளம் எழும். கொப்புளம் எழுந்த டயர் எந்த வளைவில் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

“அப்ப என்ன நானா போடுற?”

“195/50 ஆர் 15. கூட்டிப் பாருங்க.”

576 வந்தது. இரண்டே மில்லிமீற்றர் வித்தியாசம். சற்று அகலம் கூட, பிடி கூட, பக்கச்சுவரும் மிச்சம். அளவு அத்துடன் தீர்ந்தது.

அடுத்தது வகை. பந்தயக்காரர்கள் போடும் அரை வழுக்கை டயர் மருமகனின் அடுத்த ஆசை. அதன் ரப்பர் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். பந்தயப் பாதையில் சில சுற்றுகளில் அந்தச் சூடு வந்துவிடும். பனிமூட்டம் இறங்கிய காலையில் வேலைக்குப் போகிறவனுக்கு வராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊவாவில் உலர்ந்த காற்று. தேயிலைக்குத் தனி மணம் தருவது அந்தக் காற்றுத்தான். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழை. மழையில் டயருக்குக் கீழே சேரும் நீரை ஆழமான பள்ளங்கள் வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் டயர் நீரின் மேல் மிதக்கும். அகலக் கூடிய டயர் அதிலும் முந்திக்கொள்ளும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்கு வந்தால் டயரின் ஆயுள் முடிந்தது என்பதே பல நாடுகளின் சட்டம். மழைநாட்டில் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது என்பது நானாவின் கணக்கு.

ஜப்பானிலிருந்து வந்த கார்களோடு சில வேளை பனிக்கால டயர்களும் வந்திறங்குவதுண்டு. பார்வைக்குப் பள்ளம் ஆழமாக, அழகாக இருக்கும். ஆனால் ஏழு பாகை குளிருக்குக் கீழே வேலை செய்ய மென்மையாக்கிய ரப்பர் அது. எமது வெயிலில் குழைந்து, வளைவில் நெளியும். பின்சில்லு இழுவைக் காரில், இறக்கத்தில், பின்புறம் நழுவத் தொடங்கினால் திருத்த நேரம் கிடைக்காது. அதனால் நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும், இரண்டுதான் வாங்க முடியுமென்றால் புதியவை பின்னுக்குப் போகட்டும் என்றார் நானா.

எங்கள் வாப்பா மர்ஹூமாகிப் பல வருடங்கள். வெலிமடையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டியவர். சுபஹு தொழுது வந்ததும் ஒரு இரும்புத் துண்டால் டயர்களைத் தட்டிக்கொண்டு லொறியைச் சுற்றி வருவார். காற்றுக் குறைந்த டயரின் சத்தம் வேறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை நாங்கள் எல்லோரும் மதரஸாவில் கேட்டவர்கள். வாப்பா அதை லொறியைச் சுற்றி நடந்து காட்டினார். ஒரு டயர் தரையைத் தொடுவது ஓர் உள்ளங்கை அகலம்தான். நான்கு உள்ளங்கைகளில் பிடித்துக்கொண்டுதான் பெரகலை இறக்கம் இறங்குகிறோம் என்பார். காருக்கும் அந்தக் கணக்குத்தான்.

எங்கள் தெருக்களுக்கு நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் பள்ளம். நடுவில் இருப்பதில்தான் பஸ்ஸும் போகிறது, கூடையோடு கொழுந்தெடுக்கும் பெண்களும் போகிறார்கள், வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளும் போகிறார்கள். 2021 மார்ச்சில் பசறைப் பாதையிலும், 2025 செப்டம்பரில் எல்ல - வெல்லவாய பாதையிலும் பஸ்கள் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை இந்த நாடு மறந்திருக்காது. அவற்றுக்கு டயர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொல்வதெல்லாம், பிழைக்கு இடம் தராத பாதைகள் இவை என்பதே. என் காசு, என் கார், என் உயிர் என்று இளைஞர்கள் வாதிடும்போது எனக்குத் தியத்தலாவையில் ஓரத்தில் நின்றவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். வண்டி ஓட்டுகிறவன் தனக்கு மட்டும் டயர் தெரிவு செய்வதில்லை. தெருவோரத்தில் நடக்கிறவளுக்கும் சேர்த்தே தெரிவு செய்கிறான். அது அவன் கையில் இருக்கும் அமானத்.

ஆனால் தெரிவு என்ற சொல்லே வசதியுள்ளவனுக்குத்தான். ஊவாவின் மேட்டில் தேயிலை, மொனராகலைப் பக்கத்தில் ரப்பர். 1876இல் பிரேசில் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்த நாள் முதல் இந்நாட்டு ஏழைகள் பால் வெட்டுகிறார்கள். அந்தப் பாலிலிருந்து வரும் புதிய டயர் ஒன்றை வாங்க அவர்களின் அயலவரால் முடிவதில்லை. மேல்தோல் மாற்றி ஒட்டிய ரீபில்ட் டயரே அவர்களுக்கு விதி. முறையாக ஒட்டினால் அதுவும் குற்றமில்லை. முன்சில்லுக்கு மட்டும் வேண்டாம் என்பது பழைய சாரதிகளின் கட்டளை.

புதிய டயர்கள் பூட்டி முடியும்போது, தோட்டத்துப் பக்கம் வாடகைக்குக் கார் ஓட்டும் ஒருவர் கடைக்கு வந்தார். கழற்றிப் போட்ட நான்கையும் தடவிப் பார்த்தார்.

“மொதலாளி, இத எனக்குக் குடுங்க. கோடெல்லாம் ஆழமா இருக்கே. பள்ளிக்கூடப் புள்ளைங்கள ஏத்துற வண்டி.”

நானா பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களைக் காட்டினார். 2309. 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது போகும். இறுகும், நுண்ணிய வெடிப்பு விடும். அவர் பேச்சை முடித்துக்கொண்டு கத்தியை எடுத்தார். நான்கு டயர்களின் பக்கச்சுவரையும் ஒவ்வொன்றாகக் கிழித்தார், இனி ஒருவரும் பாவிக்க முடியாதபடி. சாரதியின் முகம் வாடிப்போனது.

பிறகு உள்ளே போய், இரண்டு வருடமே ஆன பாவித்த டயர்கள் இரண்டை உருட்டிக்கொண்டு வந்தார். விலையைச் சொல்லி, மாதா மாதம் தரலாம் என்றார். கொப்பியில் பெயரை எழுதினார்.

மருமகன் பார்த்துக்கொண்டு நின்றான். பதினேழு அங்குலச் சில்லுக்கென்று அவன் கொண்டுவந்த பணத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதிலிருந்து எண்ணி மேசையில் வைத்தான்.

“நானா, அந்தக் கொப்பிக் கணக்க வெட்டிருங்க.”