கப்பலில் எழுதிய இலக்கணம்

காவிரி டெல்டாவிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் வீட்டில் பேச்சு எப்போதும் கணக்கில்தான் தொடங்கும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசா கிடைக்க ‘பிளாக்ட் அக்கவுண்ட்’டில் ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமாக 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள நிலை. படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும். இந்தப் பேச்சோடு ஒட்டிக்கொண்டு மேடைகளில் இன்னொரு பேச்சும் வரும். அன்றைக்கு ஜெர்மானியர் தரங்கம்பாடிக்கு வந்து நமக்கு அச்சும் இலக்கணமும் கொடுத்தார்கள், இன்றைக்கு நம் பிள்ளைகள் அங்கே போய் அறிவை வாங்கிவருகிறார்கள் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தாலும் போனாலும் கொடுக்கிற கை அவர்களுடையதாகவும் ஏந்துகிற கை நம்முடையதாகவுமே இருப்பது எனக்கு உறுத்தல். இப்படிச் சொல்வதற்கு ஆதாரம் என்ன? காவிரிக் கரையிலிருந்து ஜெர்மனிக்கு முதலில் போனவர்கள் உண்மையிலேயே வாங்கத்தான் போனார்களா? அதைத் தேடிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

யார் முதலில் போனார் என்பதில் பெரிய சிக்கல் இல்லை. 1706 ஜூலையில், அப்போது டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய இரண்டு ஜெர்மானியப் பாதிரிமாரில் ஒருவரான ஹைன்ரிஷ் புளூட்சோ 1711இல் ஊர் திரும்பினார். அவரோடு திமோத்தேயு என்ற தமிழ் இளைஞரும் கப்பலேறினார். அடுத்தவர் பீட்டர் மலையப்பன். இரண்டு பாதிரிமாரில் மற்றவரான பர்த்தலோமேயு சீகன்பால்க் 1714 அக்டோபரில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பனை உடன் அழைத்துப்போனார். மறு ஆண்டு ஜூனில் கப்பல் நார்வேயின் பெர்கன் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து அவர்கள் ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போனார்கள். அங்கே இருந்தது ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நடத்திய, அநாதை விடுதியும் பள்ளிகளும் அச்சகமும் மருந்துச்சாலையும் ஒன்றாக இருந்த பெரிய வளாகம். சீகன்பால்க் 1716இல் தரங்கம்பாடிக்குத் திரும்பிவிட்டார். அதே 1716இல் ஹாலே அநாதை விடுதி அச்சகத்தில் ‘கிராமாட்டிக்கா தமுலிக்கா’ வெளிவந்தது. லத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் அது. இவ்வளவோடு நிறுத்தினால் திமோத்தேயு முதல் மாணவர், மலையப்பன் இரண்டாம் மாணவர் என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். நகரவிடாமல் தடுப்பது அந்த இலக்கண நூலின் முகப்புப் பக்கம்.

இந்தத் தேடலில் பிடிவாதமான சாட்சி அந்த முகப்புப் பக்கம்தான். அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு பத்தி நீளத்துக்குத் தலைப்பு. வாய்பாடுகளும் விதிகளும் தேவையான சொற்களும் தந்து, தமிழைச் சுருக்கமாகக் கற்க வழிகாட்டும் நூல் இது என்கிறது. தமிழ் இதுவரை ஐரோப்பா அறியாத மொழி என்கிறது. ஐரோப்பாவுக்கு வரும் வழியில், டேனிஷ் கப்பலில் வைத்து இந்த நூல் இயற்றப்பட்டது என்றும் சொல்கிறது. பிறகு சீகன்பால்க்கின் பெயர், ஊர், அச்சகம், ஆண்டு. நூலாசிரியர் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதினார் என்பதை இலக்கண நூலின் முகப்பில் போடுவது அபூர்வம். கப்பலைக் குறித்த பக்கம், அந்தக் கப்பலில் இருந்த ஒரே தமிழ்த் துணையைப் பற்றி வாய் திறக்கவில்லை. கரையில் இருந்தவரை சீகன்பால்க்கைச் சுற்றி வாத்தியார்களும் துபாஷியும் ஏடு எழுதுகிறவர்களும் இருந்தார்கள். கடலில் மாதக்கணக்கில் அவர் காதில் விழுந்த தமிழ், மலையப்பன் பேசிய தமிழ். ‘வந்தான்’, ‘வருகிறான்’, ‘வருவான்’ என்று வினைச்சொல்லை வரிசை வரிசையாக அடுக்கும்போது ஒரு வடிவத்தில் ஐயம் வந்தால் திரும்பிக் கேட்க வேறு ஆள் அங்கே யார்?

இதை வெறும் ஊகம் என்று தள்ள முடியாது. சீகன்பால்க் வேலை செய்த முறையே இதற்குச் சான்று. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுத்துக் கற்றவர் அவர். பல மொழி அறிந்த அழகப்பன் என்பவரைத் துபாஷியாக வைத்துக்கொண்டார். ஆட்களைப் பல நாள் வழி அனுப்பி, கணவனை இழந்த பெண்களிடம் கிடந்த ஏடுகளை மலிவாக வாங்கிவரச் செய்தார். 1708இல் அவர் தயாரித்த தமிழ் நூற்பட்டியல் அப்படிச் சேர்ந்த ஏடுகளால் ஆனது. அதே ஆண்டில் அவர் ஜெர்மனில் பெயர்த்தவை கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா. அந்தக் காலத்துப் பையன்கள் பள்ளியில் மனப்பாடம் செய்த நூல்கள் இவை. ஆக, அவர் தமிழுக்குள் நுழைந்தது புலவர் மடத்து வாசல் வழியாக இல்லை, டெல்டாப் பையன்களின் பாடத்திட்டத்து வழியாக. எட்டு ஆண்டுகள் தமிழர் துணையோடு தமிழ் படித்த மனிதர், கப்பலேறியதும் தனியாக உட்கார்ந்து எழுதிவிட்டார் என்று நம்பச் சொல்வதற்குத்தான் கூடுதல் ஆதாரம் வேண்டும்.

எதிர்வாதங்கள் உண்டு. சீகன்பால்க் அதற்குள் பல்லாயிரம் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர், புதிய ஏற்பாட்டையே தமிழில் பெயர்த்தவர், ஓர் இளைஞரின் உதவி அவருக்கு எதற்கு என்று கேட்கலாம். அவருடைய திறமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நூல் எந்தத் தமிழுக்கு இலக்கணம் என்று பாருங்கள். நன்னூல் வகுத்த செந்தமிழை அது விளக்க வரவில்லை, மக்கள் வழங்கும் தமிழைக் கற்பிக்க வந்தது. அந்தத் தமிழுக்கு அன்றைக்கு ஏட்டில் விதி கிடையாது, பேசுகிறவர் வாயே விதி. செந்தமிழுக்கு உரை எழுத முதிர்ந்த புலவர் வேண்டும். வழக்குத் தமிழுக்கோ கூச்சமில்லாமல் பேசும், கேட்டால் மறுபடி சொல்லும் ஓர் இளைஞரே போதும், சொல்லப்போனால் அவரே பொருத்தம். இன்னொரு வாதம், சீகன்பால்க்குக்கு முன்பே கத்தோலிக்கப் பாதிரிமார் தமிழுக்கு இலக்கணம் எழுதியிருந்தார்கள், அதைப் பார்த்து எழுதியிருப்பார் என்பது. முன்னோர் வகுத்த சட்டகம் உதவியிருக்கும்தான். 16ஆம் நூற்றாண்டில் என்ரிக் என்ரிக்கஸ் முத்துக்குளித்துறையில் இருந்து எழுதியதும் அத்தகைய முயற்சியே. ஆனால் சட்டகத்துக்குள் நிரப்ப வேண்டிய சொல் வடிவங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஒரு காதும் ஒரு வாயும் தேவைப்படும். அதைச் சட்டகம் தராது.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு வேறு. உதவியாளர் பெயரை முகப்பில் போடும் வழக்கமே அன்று இல்லை, ஆகவே மௌனத்திலிருந்து எதையும் நிறுவ முடியாது என்பார்கள். இங்கேதான் முகப்புப் பக்கத்தைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது. தமிழ் ஐரோப்பா இதுவரை அறியாத மொழி என்று அது சொல்வது சரியில்லை. 1554இலேயே லிஸ்பனில் ‘கார்த்தில்யா’ என்ற தமிழ் ஜெப நூல் ரோமன் எழுத்தில் அச்சாகிவிட்டது. அதை ஆக்கியவர்களாக வின்சென்டே டி நசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா டா குரூஸ் என்ற மூன்று தமிழர்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர்கள் வைத்திருந்தவை போர்த்துக்கீசியப் பெயர்கள்தான், ஆனாலும் காணாமல் போகவில்லை. ஆக, ஐரோப்பிய அச்சகத்தோடு தமிழர் பெயர் சேர்ந்து வருவது நடக்காத காரியமில்லை. ஹாலேயின் வழக்கம் வேறாக இருந்தது. 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடிப் பாதிரிமாரின் கேள்விகளுக்குச் சுற்றுவட்டாரத் தமிழர்கள் எழுதிய பதில்களில் 99 கடிதங்களை ஹாலே இரண்டு தொகுதிகளாக அச்சிட்டது. சமயம், சடங்கு, கல்வி, திருமணம், மருத்துவம் எனக் காவிரிக் கழிமுகத்து வாழ்க்கையே அவற்றில் இருக்கிறது. எழுதியவர்கள் பெரும்பாலும், அன்று ஐரோப்பியர் தமிழரைக் குறித்த சொல்லில், பெயரில்லாத ‘மலபாரிகள்’. 1713இல் சீகன்பால்க் அனுப்பிய தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை அச்சிடவே பிராங்கேக்கு மனமில்லை. அது 1867இல் சென்னையில்தான் நூலாக வந்தது. தமிழரிடமிருந்து மொழி வேண்டும், தகவல் வேண்டும், சொன்னவர் பெயரும் அவர் தெய்வங்களின் கதையும் வேண்டாம் என்ற இந்தத் தேர்வைப் பார்த்த பிறகு முகப்புப் பக்கத்தின் மௌனம் தற்செயல் என்று தோன்றவில்லை.

இந்த இடத்தில் என் கேள்வியே திரும்பிவிட்டது. மலையப்பன் ஹாலேயில் மாணவரா ஆசிரியரா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஹாலேயின் அன்றாட வாழ்க்கையைப் பார்த்தால் அந்தக் கேள்விக்கே அங்கு இடமில்லை. பிராங்கேயின் வளாகத்தில் ‘இலவசப் பந்தி’ என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு அநாதை விடுதியில் சாப்பாடு, பதிலுக்கு அவர்கள் தினமும் சில மணி நேரம் பிராங்கேயின் பள்ளிகளில் பாடம் எடுக்க வேண்டும். காலையில் இறையியல் விரிவுரை கேட்பவரே வேறொரு நேரத்தில் சிறுவர்களுக்கு லத்தீன் சொல்லித்தருவார். விளையாட்டு வீண்பொழுது என்பது பிராங்கேயின் கொள்கை. அதற்குப் பதில் மரம் கடைவது, கண்ணாடி தேய்ப்பது, தோட்ட வேலை. மலையப்பன் போய்ச் சேர்ந்த நாட்களில் மாணவர்கள் தங்குவதற்கான நீளமான மரச்சட்டக் கட்டடம் ஒன்று அந்த வளாகத்தில் முடிவடையும் நிலையில் இருந்தது. அங்கே சாப்பிடுகிறவர் எல்லாரும் எதையாவது கற்பித்துக்கொண்டும் இருந்தார்கள். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையும் இதுதான். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லித்தருவான், வாத்தியாரிடம் தானும் பாடம் கேட்பான். சென்னையில் இதைப் பார்த்துவிட்டுத்தான் ஆண்ட்ரூ பெல் ‘மதராஸ் முறை’ பற்றி 1797இல் இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். இன்றைக்கும் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் மாணவர் ‘ஹிவி’ எனும் மாணவ உதவியாளர் வேலையில் சேர்ந்து இளையவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறார், அதில் வரும் பணத்தில் வாடகை கட்டுகிறார். அவரை யாரும் வெறும் மாணவர் என்று ஒதுக்குவதில்லை, ஊதியப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. மலையப்பனுக்கும் அதே நியாயத்தைக் கேட்பதில் மிகை ஒன்றும் இல்லை.

இதனால் என்ன ஆகிவிட்டது, ஓர் இளைஞர் சொன்ன சில வினைமுற்றுகளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றும் கேட்கலாம். ஆனதைத் தஞ்சாவூரிலேயே காட்டலாம். ஹாலேயில் தமிழ் ஒரு பாடமாக நின்றது. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் ஊழியம் செய்துவிட்டு 1743இல் ஹாலே திரும்பிய பெஞ்சமின் ஷுல்ட்ஸ் அங்கே தமிழ் அச்சு வேலையைத் தொடர்ந்தார். 1746இல் ஹாலேக்குப் படிக்க வந்த கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் அவரிடம் தமிழ் கற்றார். 1750 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சுவார்ட்ஸ் அடுத்த நான்கு மாதங்களுக்குள் தமிழில் பிரசங்கம் செய்தார். இந்த மண்ணில் கால் வைக்கும்போதே மொழி கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. அந்த சுவார்ட்ஸிடம்தான் தஞ்சை மன்னர் துளஜா தம் சுவீகாரப் பிள்ளை சரபோஜியை ஒப்படைத்தார். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் ஐரோப்பிய மொழி நூல்களைச் சேர்த்த சரபோஜி உருவானது அந்தக் கல்வியில். ஜெர்மானியர் கொடுத்தார்கள் என்று மேடையில் சொல்லும் கொடையின் முதல் தவணை, தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிப் போனது. நம்மிடமிருந்து போன தமிழ், ஹாலேயில் பாடமாகித் திரும்பி வந்தது. இதில் சீகன்பால்க்கின் உழைப்பையோ பிராங்கேயின் அமைப்புத் திறனையோ குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏடு எழுதியவர்களின் பெயரும் வாத்தியார்களின் பெயரும் மறைந்துபோன கணக்கில், பெயர் தெரிந்த ஒருவருக்காவது வரவு வைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

‘கிராமாட்டிக்கா தமுலிக்கா’ இன்று டேனியல் ஜெயராஜின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2010 முதல் படிக்கக் கிடைக்கிறது. ஹாலேயின் ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடிக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் தமிழ் ஓலைகளும் பாதுகாப்பாக இருக்கின்றன. வரலாறு படிக்க ஜெர்மனிக்குப் போகும் டெல்டா மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெர்லினையும் முனிக்கையும் பார்ப்பதோடு ஹாலேக்கும் போங்கள், பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அந்தத் தாள்களில் நம் ஊர்க்காரர்களின் பெயர்களைத் தேடி எடுத்து எழுதுங்கள். நூலகங்களுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. 1716ஆம் ஆண்டின் அந்த இலக்கணத்துக்குப் பட்டியல் அட்டை எழுதும்போது ஆசிரியர் சீகன்பால்க் என்பதோடு, உடனிருந்து உதவியவர் பீட்டர் மலையப்பன், தரங்கம்பாடி என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும்.